பழத் தயிரும் ஒரு கழித்தல் கணக்கும்

உணவு விஞ்ஞானம் படிக்கிறவன் ஒருவன் வீட்டில் இருந்தால் அது அந்த வீட்டுக்கு நன்மையா, தீமையா என்று சென்ற ஆண்டு என்னைக் கேட்டிருந்தால், "நன்மையே" என்று தயங்காமல் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால் சற்று யோசித்துத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் என் அத்தை. அத்தையைவிடப் பெரிய காரணம் ஒரு சிறு குவளைத் தயிர்.

அத்தை திருநெல்வேலிச் சீமையிலிருந்து சிறு வயதில் பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் முப்பது ஆண்டுக்கு மேலாக, விடிவதற்குள் இட்டலி அவித்துக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். இப்போது மாஹிமில், ரயில் நிலையத்திற்கு மேற்கே, எங்களோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. இனி எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். படிக்கிறவன் நான் அல்லவா!

எனக்குக் கடையில் குளிர்ப்பெட்டிக்குள் பார்த்த ஒரு குவளை நினைவுக்கு வந்தது. அதன் மூடியில் மூன்று செய்திகள் பெரிய எழுத்தில் இருந்தன. கிரேக்கத் தயிர் என்பது ஒன்று. கொழுப்பு அறவே இல்லை என்பது மற்றொன்று. ஸ்டிராபெரிப் பழம் சேர்ந்தது என்பது மூன்றாவது. மூன்றும் நல்ல செய்திகளாகவே எனக்குத் தோன்றின. "அத்தை, இதைச் சாப்பிடுங்கள். புரதம் நிறைய உண்டு, கொழுப்பு கிடையாது, பழமும் இருக்கிறது" என்று நானே வாங்கி வந்து கொடுத்தேன். அத்தை ஒரு கரண்டி எடுத்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏல, இது இனிக்குல்லா?" என்றார். "பழத்தின் இனிப்பு, அத்தை" என்றேன். "நீ படிச்ச பிள்ளை. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மீதியையும் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து காலையில் ஒன்று, மாலை நாலு மணிக்கு ஒன்று, இரவு மோர்ச் சோற்றுக்குப் பதிலாக ஒன்று என நாள் ஒன்றுக்கு மூன்று குவளை. நோயாளிக்கு நல்லது என்று சொல்லிவிட்டால் நம் வீடுகளில் அளவு என்பது மறந்துபோகும், அன்புதான் அளவு. ஒரு குவளையின் விலைக்கு அரை லிட்டர் பால் வாங்கிவிடலாம். ஆயினும் அப்பா முகம் சுளிக்காமல் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை செய்தோம். குறைந்திருக்க வேண்டிய எண் குறையவில்லை. சற்று ஏறியே இருந்தது. எங்கள் பகுதி மருத்துவர் அத்தை உண்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். தயிர்க் குவளை என்றதும் அதைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மூடியைப் பார்க்கவேயில்லை. குவளையைப் பின்புறமாகத் திருப்பி, சிறு எழுத்தில் இருந்த அட்டவணையைப் படித்தார். பிறகு என்னிடம், "நீங்கள் எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் நியாயமானவர். குற்றம் முழுவதும் குவளையுடையது அல்ல, மழைக் காலத்தில் அத்தை நடைப் பயிற்சியை நிறுத்தியதும் ஒரு காரணம் என்றார். ஆனாலும் அன்று வீடு திரும்பிய நான், பாடப் புத்தகத்தில் படித்ததையும் குவளையின் பின்புறத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக் கட்டுரையின் நோக்கம். மூடியிலுள்ள மூன்று சொற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

கிரேக்கம் என்னும் சொல்

கிரேக்கத் தயிர் என்பது நமக்குப் புதிய பெயர், பொருள் புதியதன்று. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் நீர் வடியும். வடிந்த பின் துணியில் தங்கும் கெட்டித் தயிரே அது. கிரேக்க நாட்டாரும் துருக்கியரும் அராபியரும் நெடுங்காலமாக இதைச் செய்து வருகிறார்கள். நாம் வாழும் மராட்டிய நாட்டில் இதற்குச் சக்கா என்று பெயர். இந்தச் சக்காவில் சர்க்கரையும் ஏலமும் குங்குமப்பூவும் சேர்த்துப் பிசைந்தால் ஸ்ரீகண்ட். குடீபாட்வாத் திருநாளில் மாஹிமிலும் தாதரிலும் பூரியோடு ஸ்ரீகண்ட் உண்ணாத மராத்திய வீடு அரிது. ஆகவே நாம் கப்பலேறிக் கிரேக்கம் போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாலே போதும்.

கடைச் சரக்காக இது உலகைச் சுற்றி வந்த வரலாறும் அறியத்தக்கதே. 1926-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் ஒரு சிறு பால்கடையாகத் தொடங்கிய ஃபாயே என்னும் நிறுவனம் 1998-இல் தன் தயிரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 2007-இல் துருக்கியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹம்தி உலுகாயா என்பவர் சொபானி என்ற பெயரில் அங்கேயே தயாரித்து விற்கத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அந்நாட்டுக் கடைகளில் பெரும் இடத்தைப் பிடித்தது. கிரேக்க நாட்டில் செய்யாததைக் கிரேக்கத் தயிர் என்று விற்கலாமா என்ற வழக்கு இங்கிலாந்தில் நடந்து, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விற்கலாகாது என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலோ, மும்பையைச் சேர்ந்த ட்ரம்ஸ் ஃபுட் என்ற நிறுவனம் 2015-இல் எபிகேமியா என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இத் தொழிலில் இருக்கின்றன. அத்தை உண்ட குவளை யாருடையது என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது எந்தக் குவளைக்கும் பொருந்தும்.

வடிகட்டுவதால் என்ன நேர்கிறது? பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன் என்பது. பால் புளிக்கும்போது இந்தக் கேசீன் வலைபோல் பின்னிக்கொள்கிறது. அந்த வலைக்குள் நீரும் பாற்சர்க்கரையும் உப்புக்களும் அகப்பட்டு நிற்கின்றன. துணியில் கட்டினால் வலை தங்கிவிடுகிறது. நீரும் அதில் கரைந்தவையும் வெளியேறுகின்றன. ஆகவே எஞ்சிய தயிரில் புரதம் செறிகிறது, பாற்சர்க்கரை குறைகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணையிலிருந்து இரண்டு வரிகளை மட்டும் தருகிறேன். இரண்டும் கொழுப்பு நீக்கிய, சர்க்கரை சேர்க்காத தயிர்கள். இரண்டும் 100 கிராமுக்கு உரிய அளவுகள்.

சாதாரணத் தயிர்: 56 கலோரி, புரதம் 5.7 கிராம், சர்க்கரை 7.7 கிராம், கால்சியம் 199 மில்லிகிராம்.

கிரேக்கத் தயிர்: 59 கலோரி, புரதம் 10.2 கிராம், சர்க்கரை 3.2 கிராம், கால்சியம் 110 மில்லிகிராம்.

புரதம் ஏறத்தாழ இரு மடங்கு. பாற்சர்க்கரை பாதிக்கும் குறைவு. நம்மில் மரக்கறி உண்போர் பலர். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2020-இல் வகுத்த கணக்கின்படி, வயது வந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் நாள்தோறும் வேண்டும். 60 கிலோ எடையுள்ள மாணவருக்கு அது 50 கிராம். சோறும் சாம்பாருமாக உண்பவர் இந்த 50 கிராமை எட்டுவது எளிதன்று. 10 கிராம் புரதம் தரும் ஒரு குவளைத் தயிரை அலட்சியம் செய்வதற்கில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கட்கும் இத் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாற்சர்க்கரை குறைவு என்பதோடு, தயிரிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க உதவுகின்றன என்பதும் அதற்குக் காரணம்.

ஆனால் கால்சியத்தைப் பாருங்கள். சாதாரணத் தயிரில் 199. கிரேக்கத் தயிரில் 110. எங்கே போயிற்று? பால் புளிப்பேறும்போது கேசீனோடு ஒட்டியிருந்த கால்சியம் பிரிந்து நீரில் கரைகிறது. நீர் வடியும்போது அதுவும் சேர்ந்து வடிந்துவிடுகிறது. வடிநீர் இளம் பசுமஞ்சளாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்நிறத்திற்குக் காரணம் ரைபோபிளேவின் என்னும் வைட்டமின். அதிலும் ஒரு பங்கு நீரோடு போகிறது. எலும்புக்காகத் தயிர் உண்பவருக்கு நம் வீட்டுச் சாதாரணத் தயிரே மேல் என்பது இதனால் விளங்கும். விலை உயர்ந்தது எல்லாவற்றிலும் உயர்ந்ததாகிவிடாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். வடிகட்டாமலே, பாற்புரதப் பொடியையோ மாப்பொருளையோ சேர்த்துக் கெட்டியாக்கிவிட்டு, கிரேக்க முறை என்று பெயரிடுவதும் உலகில் உண்டு. கோடெக்ஸ் என்னும் உலக உணவு விதித்தொகுப்பு, செறிவூட்டிய புளிப்புப் பால்வகைகளில் 100-க்கு 5.6 பங்காவது புரதம் இருக்க வேண்டும் என்கிறது. குவளையின் பின்புறத்தில் புரதம் 3, 4 கிராம் என்றுதான் இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் கையில் வைத்திருப்பது பெயரால் மட்டும் கிரேக்கம்.

கொழுப்பில்லை என்னும் சொல்

என்னை ஏமாற்றிய சொல் இதுதான். சொல் பொய்யன்று. அதிலிருந்து நான் செய்துகொண்ட ஊகந்தான் பொய்.

கொழுப்பு நீக்காத பாலில் செய்த கிரேக்கத் தயிரில் 100 கிராமுக்கு 5 கிராம் கொழுப்பு இருக்கும். நீக்கியதில் அரைக் கிராமும் இராது. 1 கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஆகவே கொழுப்பை எடுத்ததால் 40 கலோரிக்குச் சற்று மேல் குறைகிறது. நல்லதுதான். ஆனால் கொழுப்போடு வழவழப்பும் போகிறது. ஏட்டின் மணம் போகிறது. வைட்டமின் ஏ போகிறது. எஞ்சி நிற்பது புளிப்பு. கொழுப்பற்ற, வடிகட்டிய தயிரை ஒன்றும் சேர்க்காமல் உண்டு பார்த்தவர்கட்கு அது தெரியும், நாக்கு சுருங்கும். கடைக்காரர் இதை எப்படி விற்பார்? இனிப்புச் சேர்த்துத்தான் விற்பார். அதில் குற்றமும் இல்லை; குவளையின் பின்புறத்தில் எழுதித்தானே விற்கிறார்? ஒரு கையால் எடுத்ததை மறு கையால் எவ்வளவு திருப்பி வைத்தார்கள் என்று பார்ப்பது வாங்குகிற நம் கடமை.

சர்க்கரை நோய் உள்ளவர் வீட்டில் "கொழுப்பில்லை" என்ற சொல்லைக் கேட்டதும் "இது உடம்புக்கு ஆகும்" என்று மனம் தாவிவிடுகிறது. கொழுப்பைப் பற்றிச் சொன்ன சொல், சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. உப்பில்லாத பண்டம் என்றால் புளியில்லாத பண்டம் என்று ஆகுமா?

பழம் என்னும் சொல்

"பழத்தின் இனிப்பு, அத்தை" என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சொல்லை இப்போது கணக்கால் சோதிப்போம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அதே அமெரிக்க அட்டவணையில், கொழுப்பற்ற ஸ்டிராபெரிக் கிரேக்கத் தயிருக்கு 100 கிராமில் புரதம் 8 கிராம் என்றும், சர்க்கரை 11.4 கிராம் என்றும், 80-க்குச் சற்று மேல் கலோரி என்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுக் குவளையின் எண்களும் ஏறத்தாழ இவற்றை ஒத்தே இருந்தன.

முதலில் புரதத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றும் சேர்க்காத தயிரில் 10.2 கிராம் இருந்தது, இதில் 8. பழத்தில் புரதம் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆகவே 100 கிராமில் தயிர் ஏறத்தாழ 80 கிராம். பழக்கூழும் பிறவும் 20 கிராம். யாரும் நமக்குச் சொல்லாத ஒரு செய்தியைப் புரதமே சொல்லிவிட்டது, பாருங்கள்!

இனிச் சர்க்கரை. 80 கிராம் தயிரில் இயற்கையாக உள்ள பாற்சர்க்கரை 2.6 கிராம். எஞ்சிய 20 கிராமும் தூய ஸ்டிராபெரிப் பழமே என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஸ்டிராபெரியில் 100 கிராமுக்கு 5 கிராம்தான் சர்க்கரை. நம் மகாபலேஷ்வரத்துப் பழத்தைக் கடித்தவர்கட்கு அதன் புளிப்புத் தெரியும். ஆகவே 20 கிராம் பழத்தில் 1 கிராம் சர்க்கரை. இரண்டையும் கூட்டினால் 3.6 கிராம். அட்டவணையில் இருப்பதோ 11.4.

11.4-இலிருந்து 3.6-ஐக் கழியுங்கள். மீதி 7.8 கிராம். அது தயிருடையதும் அன்று, பழத்துடையதும் அன்று. அது கரண்டியால் போட்ட சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம். ஆக, ஒவ்வொரு குவளையிலும் இரண்டு தேக்கரண்டி. கொழுப்பை எடுத்ததால் குறைந்தது 40 கலோரிக்குச் சற்று மேல் என்று கண்டோம். இந்தச் சர்க்கரையால் திரும்பி வந்தது 30 கலோரிக்குச் சற்று மேல்.

அத்தை நாளுக்கு மூன்று குவளை உண்டார். 100 கிராம் குவளை மூன்று என்றால் சேர்த்த சர்க்கரை 23 கிராமுக்கு மேல். சேர்த்த சர்க்கரையும் தேனும் பழச்சாற்றுச் சர்க்கரையும் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. 2000 கலோரி உண்பவருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது 25 கிராம். உடல் நலமுள்ளவருக்கே சொன்ன அந்த எல்லையை, காப்பியில் சர்க்கரை விட்டொழித்த என் அத்தைக்கு, தயிர் வழியாகவே நான் ஏறக்குறைய நிரப்பிவிட்டேன். காப்பிக்குச் சர்க்கரை போடாதே என்று கண்டித்தவனும் நானே என்பதை நினைக்கும்போதுதான் மனம் அதிகம் கூசுகிறது.

நியாயத்தின் மறு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குவளையைக் குளிர்பானப் புட்டியோடு ஒன்றாக வைத்துப் பழிப்பது தவறு. இதில் 8 கிராம் நல்ல புரதம் இருக்கிறது. புரதமும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் இதன் சர்க்கரை குளிர்பானத்தின் சர்க்கரையைப்போல் விரைந்து இரத்தத்தில் ஏறுவதில்லை. நம் ஊர் ஸ்ரீகண்டோடு ஒப்பிட்டாலோ இது சாது. ஸ்ரீகண்டின் உலர்ந்த எடையில் 72.5 சதவீதம் வரை சர்க்கரை இருக்கலாம் என்பது நம் நாட்டு விதி. அதன்படி 100 கிராமில் 40 கிராமுக்கு மேலும் இருக்க இடமுண்டு. ஆனால் ஸ்ரீகண்டை யாரும் மருந்து என்று எண்ணி மூன்று வேளை உண்பதில்லை. திருநாளில் இனிப்பென்று அறிந்தே உண்கிறார்கள். அறிந்து உண்ணும் இனிப்பைவிட அறியாமல் உண்ணும் இனிப்பே அபாயம்.

பின்புறத்தைப் படிக்கும் முறை

நம் நாட்டில் உணவுப் பாதுகாப்பு தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள், பொட்டலத்தின் மேல் மொத்தச் சர்க்கரையையும் சேர்த்த சர்க்கரையையும் தனித்தனியே காட்டச் சொல்கின்றன. ஆகவே எல்லா வேளையும் மேற்கண்ட கணக்கைப் போட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைத் தேடினால் போதும். ஆனால் கணக்கைத் தெரிந்திருந்தால்தான் அந்த வரியின் பொருள் விளங்கும். சர்க்கரை போடாத தயிரிலும் மொத்தச் சர்க்கரை 3, 4 கிராம் இருக்கும், அது பாலுக்கு உரியது, கண்டு அஞ்சவேண்டாம்.

கவனிக்க வேண்டியவை இன்னும் நான்கு. முதலாவது, சேர்மானப் பட்டியல். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது கடைசியிலுமாக எழுதவேண்டும் என்பது விதி. பழத்துக்கு முன்னே சர்க்கரை நின்றால், பழத்தைவிடச் சர்க்கரை மிகுதி என்று பொருள். பழத்தின் பெயரே இல்லாமல் மணப்பொருள் மட்டும் இருந்தால், உள்ளே பழம் இல்லை. பழத்தின் நினைவு மட்டுமே இருக்கிறது.

இரண்டாவது, அளவு. எண்கள் 100 கிராமுக்கா, குவளைக்கா என்று பாருங்கள். குவளை 85 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, சதவீதம். சேர்த்த சர்க்கரைக்கு எதிரே ஒரு நாள் தேவையில் 16 சதவீதம் என்று போட்டிருந்தால், அது 50 கிராமை அடிப்படையாகக் கொண்டது. 25 கிராமே நல்லது என்று கொள்பவருக்கு அதே எண் 32 சதவீதம் ஆகும்.

நான்காவது, சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதிய குவளைகள். அவற்றுள் சிலவற்றில் சர்க்கரைக்குப் பதிலாக வேறு இனிப்பூட்டிகள் இருக்கும். அவற்றின் பெயரும் பட்டியலில் உண்டு, தேடிப் படியுங்கள்.

விடுதியில் இருக்கும் நண்பர்கட்கு ஒரு வார்த்தை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக இப்படி ஒரு குவளையை உண்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். அதில் 80 கலோரியும் 8 கிராம் புரதமும் உண்டு. இரும்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம், நார்ச்சத்தும் பேருக்குத்தான். அது சிற்றுண்டிக்கு நல்ல துணை, சாப்பாடு ஆகாது. உடல் இளைக்க வேண்டும் என்று மூன்று வேளையும் அதையே உண்ணும் தோழியரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அத்தையின் பரிசோதனைச் சாலை

கணக்கை அத்தைக்கு விளக்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "துணியில கட்டித் தொங்கவிட்டா நீ சொல்லுத தயிர் வந்திருமா? அப்ப கடைக்கு எதுக்குல போகணும்?"

அன்றிரவே தொடங்கிவிட்டோம். 1 லிட்டர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஏட்டை எடுத்துவிட்டு உறை ஊற்றினோம். காலையில் தயிரைத் துவைத்து உலர்த்திய மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, ஒரு சல்லடையில் வைத்து, கீழே பாத்திரம் வைத்துக் குளிர்ப்பெட்டிக்குள் ஆறு மணி நேரம் விட்டோம். வெளியில் தொங்கவிடலாகாது, மும்பை வெக்கையில் அதிகம் புளித்துப்போகும். மாலையில் நிறுத்துப் பார்த்தபோது கெட்டித் தயிர் 400 கிராம் இருந்தது. 1 லிட்டர் பாலின் புரதம் ஏறத்தாழ 33 கிராம். அதில் சிறிது நீரோடு போனாலும், 100 கிராமுக்கு 7.5 கிராமாவது தேறும். கடைக் குவளைக்குப் பெரிதும் தாழ்ந்ததன்று. ஏட்டை எடுத்த பிறகும் கொஞ்சம் கொழுப்பு இருக்கத்தான் செய்யும். அது பரவாயில்லை என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

பழத்துக்கு என்ன செய்வது? அத்தை ஒரு கொய்யாவை நறுக்கினார். 50 கிராம் கொய்யாவில் சர்க்கரை நாலரைக் கிராம்தான். நார்ச்சத்தோ இரண்டரைக் கிராமுக்கு மேல். வைட்டமின் சி 100 மில்லிகிராமைத் தாண்டும். காய்ச்சிய பழக்கூழில் வைட்டமின் சி இவ்வளவு தங்குவதில்லை. குளிர்காலத்தில் ஸ்டிராபெரி வரும்போது அதையே போடுகிறோம். ஒரு சிட்டிகை ஏலப்பொடியைச் சேர்த்தால், சர்க்கரை இல்லாத குறை நாவுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. மாம்பழ நாளில் மட்டும் அத்தையின் கையைச் சற்றுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. 100 கிராம் மாம்பழத்தில் சர்க்கரை 14 கிராம் அல்லவா?

வடிந்த நீரைக் கொட்டப் போனேன். அத்தை தடுத்துவிட்டார். கால்சியம் அதில் போகிறது என்று நான் சொன்னதை அவர் மறக்கவில்லை. சப்பாத்தி மாவை அந்த நீரில் பிசைந்தார். மீதியை இரசத்தில் விட்டார். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இந்த வடிநீர் மலைபோல் சேர்ந்து, ஆற்றில் விட்டால் மீன்கள் மடியும் என்பதால், அதை என்ன செய்வது என்று நிபுணர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாஹிம் வீட்டில் அது ஒரு வேளை இரசத்தில் தீர்ந்துபோயிற்று.

அடுத்த மூன்று மாதத்தில் அத்தையின் எண் இறங்கியது. தயிர்தான் இறக்கியது என்று நான் சொல்லமாட்டேன். மழை நின்றது, மாலையில் கடற்கரைப் பக்கம் நடக்கத் தொடங்கினார், மருந்தையும் தவறாமல் உண்டார். ஒரு காரணத்தைக் கண்டதும் அதுவே முழுக் காரணம் என்று கூவுவது விஞ்ஞானம் ஆகாது. அந்தப் பாடத்தை நான் ஒரு முறை கற்றது போதும்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பங்களில் கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறை. ஊரிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் பெற்றோரும் அத்தைமாரும் மாமன்மாரும் "நீ படிச்ச பிள்ளை" என்று நம் சொல்லை நம்பி வாயில் போடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு பெரிதல்ல. குவளையைத் திருப்பிப் பின்புறத்தைப் படிக்க வேண்டும். ஒரு கழித்தல் கணக்குப் போட வேண்டும். அரை நிமிட வேலை.

இப்போதெல்லாம் கடைக்குப் போனால் அத்தையே என்னை நிறுத்துகிறார். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் மூடியைப் பார்க்காமல், பின்புறத்தைத் திருப்பி என் மூக்குக்கு நேராக நீட்டி, "சேத்த சர்க்கரை எவ்வளவுன்னு வாசிச்சுச் சொல்லுல" என்கிறார். நான் வாசித்துச் சொல்கிறேன்.